காய் கிள்ளப் போன கணவன் மனைவி: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம். மணியடிப்பவர் இப்போதே மணியின்மேல் கைவைத்துவிட்டதால், பொங்கல் வாழ்த்தையும் இந்த வணக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

'பயணத்தில் தம்பதியரை நெருங்கச் செய்வது ஓய்வா, உழைப்பா?' என்பது தலைப்பு. உழைப்பே என்பது எங்கள் அணி. நானும் என் மனைவியும் டிசம்பர் விடுமுறையில் ஆக்லாந்திலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டிச் சென்று, டே புக்கே ஊருக்கு அருகே ஓர் இயற்கை வேளாண் கிவிப் பழத் தோட்டத்தில் தங்கி வேலை செய்தோம். இதைக் கேள்விப்பட்ட எதிரணி அம்மையார், "வீட்டில் அரைமூடித் தேங்காய் துருவித் தராத கணவர்கள் அடுத்தவர் தோட்டத்தில் காய் கிள்ளப் போகிறார்களாம், அதுவும் சம்பளமில்லாத கூலிக்கு!" என்றார். அரங்கமே கைதட்டியது. உற்றுக் கேட்டேன், அதில் என் மனைவியின் கைதட்டல்தான் உரக்கக் கேட்டது.

தேங்காயைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை, ஏனென்றால் சாட்சி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சம்பளத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1971 இல், லண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ காப்பர்டு என்ற பெண்மணி, நகர வாழ்க்கைக்கு நடுவே கிராமத்துக் காற்றைத் தேடி, சசெக்ஸில் உள்ள ஒரு பண்ணைக்கு வார இறுதியில் சிலரோடு வேலை செய்யப் போனார். அப்படித் தொடங்கிய ஏற்பாடுதான் 'வூஃப்' என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடக்கிறது. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை, ஈடாகச் சாப்பாடும் தங்குமிடமும், பணம் கைமாறுவதில்லை. ஆனால், அம்மையார் அவர்களே, நியூசிலாந்துக் குடிவரவுத் துறை சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஈடாகச் செய்யும் பணியையும் வேலை என்றே கணக்கிடுகிறது. அதனால்தான், வெறும் சுற்றுலா விசாவில் வருபவர் இதைச் செய்யக்கூடாது. வேலை செய்யும் உரிமை தரும் விசா வேண்டும். நீங்கள் கூலி இல்லை என்கிறீர்கள், அரசாங்கம் உண்டு என்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக நான் அரசாங்கத்தின் பக்கம் நிற்கிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆள் வைத்து, சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய அறுவடையை ஓசியில் முடித்துக்கொள்ள நினைக்கும் தோட்டக்காரரிடம் எந்தத் தம்பதியும் மாட்டிக்கொள்ள வேண்டாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். நாங்கள் போனது ஒரு முதிய பெண்மணி நடத்தும் சிறு தோட்டம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைக்கச் சொன்னார். கோயிலுக்குள் கால் கழுவிவிட்டுப் போவது போலத்தான் உள்ளே போனோம். 2010 நவம்பரில் டே புக்கே பகுதியில் கண்டறியப்பட்ட பிஎஸ்ஏ என்ற பாக்டீரியா நோய் பல தோட்டங்களைச் சாய்த்துவிட்டதால் வந்த கவனம் இது. கத்தரிக்கோலைக்கூட ஒரு கொடியிலிருந்து மறு கொடிக்குப் போகும்போது மருந்தில் முக்கித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது அங்கே நடந்த கதைக்கு வருகிறேன். ஆளுயரப் பந்தலின்கீழ் எங்களை நடத்திச் சென்ற தோட்டக்கார அம்மையார், காயே இல்லாத ஒரு கொடியின்முன் நின்று, "இது ஆண் கொடி" என்றார். கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஏறத்தாழ எட்டுப் பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் கொடி என்பது பழைய கணக்கு. என் மனைவி கொடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், மறுபடியும் கொடியைப் பார்த்தாள். "இது காய்க்கவே காய்க்காதா?" என்று கேட்டாள். "காய்க்காது. நவம்பரில் இரண்டு மூன்று வாரம் பூத்து மகரந்தம் கொடுக்கும்." "மற்ற மாதங்களில்?" அந்த அம்மையார் சற்றே யோசித்து, "இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்" என்றார். "பிறகு ஏன் வைத்திருக்கிறீர்கள்?" "இது இல்லாவிட்டால் மற்றவை காய்க்காதே. ஆனால் பூத்து முடிந்ததும் முதலில் கத்தரிப்பது இதைத்தான்."

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில், எங்களைப் போலவே வேலைக்கு வந்திருந்த ஒரு ஜெர்மானியத் தம்பதிக்கு என் மனைவி இதை மறுபடியும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அவள் கணவன் சூப்புக் கிண்ணத்தை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. மொழி வேறானாலும் அந்தக் குனிந்த தலை எனக்கு நன்றாகப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் அதே கதையைச் சொன்னாள். பெற்ற தாய் மகனுக்காகப் பரிந்து பேசுவாள் என்று காத்திருந்தேன். என் அம்மா சொன்னார்: "அந்தக் கொடி பரவாயில்லையே அம்மா, வருடத்துக்கு மூன்று வாரமாவது வேலை செய்கிறதே!" எதிரணி அம்மையாரே, உங்கள் ஐந்து நட்சத்திர விடுதியில் மாமியாரையும் மருமகளையும் ஒரே கட்சியில் சேர்க்கும் வசதி உண்டா?

எங்களுக்குக் கிடைத்த வேலை காய் கிள்ளுவது. ஒரே காம்பில் மூன்று காய் நின்றால் நடுக்காயை விட்டு இரு பக்கக் காய்களையும் எடுத்துவிட வேண்டும். விசிறிபோல் தட்டையாகிப்போன காயும் நிற்கக்கூடாது. எனக்கு மனம் வரவில்லை, தயங்கித் தயங்கிக் கிள்ளினேன். என் மனைவியோ இரண்டு கைகளாலும் பரபரவென்று போய்க்கொண்டிருந்தாள். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "அப்பா வாழைத்தாரில் சூம்பின கடைசிச் சீப்பை அறுத்து எறிவார். பாவம் பார்த்தால் மேல் சீப்பு திரளாது என்பார்" என்றாள்.

குளித்தலைப் பக்கம் என் மாமனார் பூவன் வாழை போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். 2002 இல் காவிரி பொய்த்த பிறகு அந்த நிலம் கைவிட்டுப் போனதும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை அவளிடம் அதைச் சொல்லாமல் மறைத்து, தினமும் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவதுபோல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்பது மட்டும் தெரியாது. இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் அவள் சொல்லாத அந்தக் கதையை, இருவரும் கைகளை மேலே தூக்கிக்கொண்டு, முகத்துக்கு முகம் பார்க்க வாய்ப்பில்லாமல் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். எதிரெதிரே உட்கார்ந்து, "சொல்லு, என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் வராத பேச்சு அது.

அன்று மாலை அவள் தன் அப்பாவை அழைத்தாள். "நன்றாக இருக்கிறாயா அம்மா, இந்தா உன் அம்மாவிடம் பேசு" என்பதற்குமேல் தொலைபேசியில் பேசி அறியாத மனிதர் அவர். ஒரு காம்புக்கு எத்தனை காய் விடுகிறார்கள், மருந்தடிக்காமல் செதில் பூச்சியை எப்படிச் சமாளிக்கிறார்கள், பந்தலுக்குக் கம்பி எவ்வளவு இடைவெளியில் கட்டுகிறார்கள் என்று ஒரு மணி நேரம் விடாமல் கேட்டார். பதில் தெரியாதவற்றை அவள் தோட்டக்கார அம்மையாரிடம் ஓடிப்போய்க் கேட்டுவந்து சொன்னாள்.

நடுவர் அவர்களே, இதில் தர்க்கம் எங்கே என்று எதிரணியார் கேட்பார்கள். கேட்கட்டும். இப்போதெல்லாம் என் மாமனார் அழைத்தால் முதலில் என்னிடம்தான் கொடுக்கச் சொல்கிறார்: "மாப்பிள்ளை, காய் திரண்டுவிட்டதா? விசாரித்துச் சொல்லுங்கள்." மே மாத அறுவடைச் சமயத்தில் மறுபடியும் போகிறோம், தீர்ப்பு எதுவாக இருந்தாலும் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. நன்றி, வணக்கம்.