சுட்டதும் வெடித்துவிடாத விமானங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த வயசில் இதெல்லாமா என்று வீட்டிலேயே கேட்டாயிற்று, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பழைய விளையாட்டுகள் பலவற்றில் விமானத்துக்கு உயிர் என்பது வெறும் ஒரு எண். குண்டு பட்டால் எண் குறையும், பூஜ்யத்துக்கு வந்தால் டமால். அதுவரைக்கும் புத்தம்புது விமானம் மாதிரியே பறக்கும். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. நிஜத்தில் விமானம் வெடிப்பதைவிட, பாதி கெட்டுப்போய்த் தத்தளிப்பதுதான் அதிகம். 2001இல் ரஷ்யாவில் ஒலெக் மடாக்ஸ் குழுவினர் 'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தபோது என்னைப் போன்றவர்கள் விழுந்துகிடந்ததற்குக் காரணம் இதுதான். வால் பக்கம் போகும் கம்பி அறுந்தால் சுக்கான் அசையாது, டேங்க் ஓட்டையானால் பெட்ரோல் ஒழுகும், ஆனால் விமானம் பறந்துகொண்டுதான் இருக்கும்.

மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்து ஓரம்கட்டி நிற்கும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினும் அப்படித்தான், திரவத்தால் குளிரவைப்பது. இறக்கைக்கு அடியில் இருக்கும் ரேடியேட்டரில் ஒரே ஒரு தோட்டா பாய்ந்தால்கூடப் போதும், வெள்ளையாக ஆவி கிளம்பும், வெப்பமானியின் முள் மெதுவாக ஏறும், கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இறுகிவிடும். லாரிக்காரர் ஓரம்கட்டலாம், விமானி எங்கே கட்டுவார்? நல்ல விளையாட்டு அந்த முள் ஏறுவதைக் காட்ட வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், முள் ஏறுவதைத்தான். வெடியை எவர் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம்.

அதே போரில் பறந்த அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட் போர் விமானம் வேறு ரகம். பதினெட்டு சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் கவலை இல்லை. 1943 ஜூன் 26 அன்று ராபர்ட் ஜான்சன் என்ற விமானி இதில் பிரான்சுக்கு மேலே பறக்கும்போது ஜெர்மானிய ஃபோக்கவுல்ஃப் விமானங்கள் பின்னாலிருந்து அடித்துவிட்டன. குதிக்கலாம் என்றால் தலைக்கு மேலே உள்ள கண்ணாடி மூடி சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. ஹைட்ராலிக் எண்ணெய் பீய்ச்சி அடித்துக் கண்ணெல்லாம் எரிச்சல். அப்புறம் இங்கிலாந்து நோக்கித் தள்ளாடிப் போகையில் தனியாக ஒரு ஜெர்மானிய விமானி வந்து, திரும்பத் திரும்பச் சுட்டு, தோட்டா தீர்ந்ததும் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, இறக்கையை ஆட்டி விடைபெற்றுப் போனாராம்! ஜான்சன் இங்கிலாந்தின் மான்ஸ்டன் தளத்தில் இறங்கினார். ஓட்டைகளை எண்ணியவர் இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

எந்த விளையாட்டு வந்தாலும் நான் வைக்கும் பரீட்சை இந்தக் கதைதான். அத்தனை ஓட்டை விழுந்தும் விமானம் ஏன் விழவில்லை? அதன் உடற்பகுதியில் பெரும்பாலும் காலி இடம். சிறிய தோட்டா இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், நடுவில் முக்கியமான பாகம் எதுவும் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஜெர்மானியரின் 30 மி.மீ. குண்டு வேறு: மெல்லிய ஓடு, உள்ளே நிறைய வெடிமருந்து. உள்ளே வெடித்துக் காற்றழுத்தத்தாலேயே தகட்டைக் கிழித்துவிடும். இரண்டையும் ஒரே எண்ணில் கழித்தால் எப்படிச் சரியாகும்?

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தானாக அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டேங்க் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். உள்ளே ரப்பர் இருக்கும், பெட்ரோல் பட்டதும் உப்பி ஓட்டையை மூடும், ஜப்பானின் ஆரம்பகால ஜீரோ விமானங்களில் அது கிடையாது, அதனால் சீக்கிரம் தீப்பிடித்தன. விமானிக்கே காயம் பட்டால் என்ன ஆகும் என்பதும் பாக்கி இருக்கிறது, அதற்கு நேரமில்லை. வணக்கம்.