கைபேசி வருவதற்கு முன்பே குனிந்த முதுகுகள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், சாரல் விடாமல் அடித்தும் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற செங்கோட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

"மாணவர்களின் உடல்நலம் கெடப் பெரிதும் காரணம் கைபேசியா, பெரியவர்களா?" இதுதான் தலைப்பு. பெரியவர்களைக் கூண்டில் ஏற்றத்தான் நான் வந்திருக்கிறேன். தொழிலால் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகள் வாயில் பி.டி. சார்.

பி.டி. சாருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை தெரியுமா? காலையில் பிரேயருக்கு வரிசை பிடிக்க வேண்டும். லேட்டாக வந்தவனை நிறுத்த வேண்டும். முடி வெட்டாதவனை விரட்ட வேண்டும். ஆண்டு விழாவுக்கு மைக் செட், பரீட்சைக்குப் பெஞ்சில் நம்பர் ஒட்டுவது எல்லாம் நம் தலையில். இதெல்லாம் முடிந்து விசிலைக் கையில் எடுத்தால், கணக்கு டீச்சர் வாசலில் நிற்பார்கள். "சார், இன்னைக்கு உங்க பீரியட் எனக்கு." கேட்கிற குரலில் வருகிற உத்தரவு அது. விளையாட்டுத் துறை அமைச்சராக உதயநிதி ஸ்டாலினே பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கடன் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை. கடன் என்றால் எப்போதாவது திருப்பிக் கொடுக்க வேண்டுமே!

சரி, எதிரணிக்கு வருகிறேன். மருத்துவர் அக்கா ஒரு கணக்குச் சொன்னார். தலையின் எடை ஐந்து கிலோ, கைபேசியைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அது 2014இல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. யாருடைய கழுத்திலும் கருவி வைத்து அளந்தது கிடையாது. போகட்டும், அதையே ஒத்துக்கொள்கிறேன். அக்கா, கழுத்துக்கு என்ன தெரியும், குனிந்தது கைபேசிக்கா, வினா வங்கிக்கா என்று? 60 டிகிரி என்றால் 60 டிகிரிதான். காலை ஸ்பெஷல் கிளாஸ், பகலெல்லாம் பள்ளி, சாயங்காலம் டியூஷன், ராத்திரி வீட்டுப்பாடம் என்று அந்தப் பிள்ளை குனிந்தே இருக்கிறதே, அந்த 27 கிலோவை யார் ஏற்றினார்கள்?

அந்தப் பெஞ்சையும் கொஞ்சம் பாருங்கள். ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே உயரம். சின்னவனுக்குக் கால் தரையில் எட்டாது, பெரியவனுக்கு முட்டி மேலே இடிக்கும். அதில் உட்காரவைத்துவிட்டு "நிமிர்ந்து உட்காருடா" என்று அதட்டுவோம். நிமிர்ந்தே இருந்தாலும் எத்தனை மணி நேரம் இருக்க முடியும்? முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் இருக்கிற வட்டுகளில் பெரும்பாலும் ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்துத் திசுவிலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. உடம்பு அசைந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். முதுகு கேட்பது எழுந்து நடக்க, குனிய, குதிக்க, தொங்க. வகுப்பில் இதில் ஒன்றைச் செய்தாலும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் நிறுத்துவார்கள்.

இப்போது முக்கியமான சாட்சி. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளின் மாணவர்களைப் பற்றிய தரவுகளை எடுத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில், ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடம்பை அசைக்காதவர்கள் 2016இல் நூற்றுக்கு 81 பேர். இதைக் கேட்டதும் எதிரணி "பார்த்தீர்களா, கைபேசி!" என்று துள்ளும். பொறுங்கள். அதே ஆய்வில் 2001ஆம் ஆண்டுக் கணக்கும் இருக்கிறது. பையன்களில் நூற்றுக்கு 80 பேர், பெண்பிள்ளைகளில் 85 பேர். 2001! ஐபோன் வந்ததே 2007இல். நம் ஊரில் அன்றைக்கு எஸ்.டி.டி. பூத்தில் சில்லறையோடு வரிசையில் நின்றோம். தொடுதிரை வருவதற்கு முன்பே பிள்ளை ஓட்டத்தை நிறுத்திவிட்டது ஐயா. வீட்டைக் காலி செய்து சாவியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனது நாம். பின்னால் வந்து குடியேறியதுதான் கைபேசி. குடியேறியவன் யோக்கியன் என்று நான் வாதாடவில்லை. ராத்திரித் தூக்கத்தைத் திருடுகிறான், தெரியும். ஆனால் காலி செய்தது யார் என்பதுதானே இன்றைய வழக்கு?

இன்னும் பின்னால் போகலாம். 1989இல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் எழுந்து புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். பை தூக்கித் தூக்கிப் பிள்ளைகள் கூன் விழுந்து, கைகளை முன்னால் தொங்கவிட்டு மனிதக் குரங்கு போல நடக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். பிறகு பாடச் சுமையைக் குறைக்க வழி சொல்ல யஷ்பால் குழு வந்தது, 1993இல் அறிக்கையும் தந்தது. 2020இல் மத்திய அரசு ஒரு கொள்கையே போட்டது, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. இங்கே வந்திருக்கிற தாய்மாரே, நாளைக் காலையில் மளிகைக் கடைத் தராசில் பையை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

வக்கீல் அண்ணாச்சி உருக்கமாகப் பேசினார். "எங்க காலத்துல குண்டாத்துல குதிச்சோம், கிட்டிப்புள் அடிச்சோம், பச்சைக்குதிரை தாண்டினோம், இந்தக் காலத்துப் பிள்ளைக கட்டைவிரலை மட்டும்தான் ஆட்டுதுக" என்றார். உண்மைதான் அண்ணாச்சி. உங்களை உங்கள் அப்பா விட்டார், நீங்கள் குதித்தீர்கள். உங்கள் பையனை நீங்கள் விட்டீர்களா? பிளஸ் ஒன் வந்ததும் அரசாங்கம் விலையில்லாச் சைக்கிள் தருகிறது. அந்தச் சைக்கிள் எத்தனை வீட்டுத் திண்ணையில் துணி காயப்போட நிற்கிறது! கேட்டால், "புளியரை ரோட்டுல கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏத்திட்டுப் போற லாரிக்கு நடுவுல எப்படி சார் விடுறது?" என்கிறார்கள். நியாயமான பயம், பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லாரியைக் கைபேசியா ஓட்டுகிறது? சைக்கிளுக்கு ஓரம் விடாமல் ரோடு போட்டது எந்தக் கைபேசி?

பெண்பிள்ளைகள் கதை தனி. அந்த 146 நாட்டு ஆய்வில், 2001க்கும் 2016க்கும் நடுவில் உடம்பை அசைக்காத பையன்களாவது 80லிருந்து 78க்குக் குறைந்தார்கள். பெண்கள் 85லேயே நிற்கிறார்கள். கோ-கோவில் கம்பத்தைச் சுற்றி மின்னலாகத் திரும்புகிற பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். "பெரிய பிள்ளை ஆயிட்டா சார், இனி வேண்டாம்." உடை மாற்ற அறை இல்லை, பக்கத்தில் கழிப்பறை இல்லை, மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து கிண்டல் செய்கிறவனைக் கேட்க ஆளில்லை. அந்தச் சமயத்தில்தான் எலும்பு வலுவேறுகிறது. ஓடியும் குதித்தும் சேர்க்க வேண்டியதை அந்த வயதில் சேர்க்காவிட்டால் பின்னால் பால் குடித்து ஈடுகட்டிவிட முடியாது. நாற்பது வயதில் முட்டி வலி என்று மருத்துவர் அக்காவிடம் வரும்போது, அக்கா அதற்கும் கைபேசியைத்தான் எழுதுவாரா?

1956 நவம்பர் வரை இந்த ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே? அதனால் மலைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி ஒன்று சொல்கிறேன். 2024இல் கேரள உயர் நீதிமன்றம், விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகளை மூடவும் அரசு தயங்கக் கூடாது என்றது. பள்ளியை மூடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை, பிள்ளை எங்கே போகும்? ஆனால் நீதிபதி யாரைப் பார்த்துப் பேசினார்? பெரியவர்களைப் பார்த்துத்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் 2009இலேயே மைதானத்தைப் பள்ளியின் இலக்கணத்தில் சேர்த்துவிட்டது. நாம் அங்கே வேன் நிறுத்துகிறோம்.

பிள்ளைகள் மூக்குக் கண்ணாடி போடுவதையும் எதிரணியினர் கைபேசிக் கணக்கில் எழுதினார்கள். சீனாவில் குவாங்சோ நகரத்து 12 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே நூற்றுக்கு 30 பேர், மற்ற பள்ளிகளில் கிட்டத்தட்ட 40 பேர். யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்கள். 40 நிமிடம் என்றால் நம் கணக்கில் ஒரு பீரியட். கணக்கு டீச்சர் கொண்டுபோன அதே பீரியட்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருகிறவர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். உங்கள் பேச்சைக் கேட்டு இன்றைக்கே கைபேசியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். நாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் ஊர்ப் பெண்பிள்ளை ஒன்று ஓடி விளையாட எங்கே போகும்? தெருப் பெயரோடு சொல்லுங்கள். சொல்லிவிட்டால் தீர்ப்பை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். வணக்கம்.