வீட்டுக் கடன், காப்பீடு, நாட்பட்ட நோய்: கதவு எங்கே சாத்தப்படுகிறது?

[திரையில்: கடன் விண்ணப்பம். அதன் பின்னால் பிணைக்கப்பட்ட இன்னொரு படிவம்.]

சம்பளச் சான்று சரியாக இருக்கிறது. பழைய கடன் பாக்கி இல்லை. சொத்தில் வில்லங்கம் இல்லை. ஆனாலும் வீட்டுக் கடன் நின்றுபோகிறது. காரணத்தை வங்கியின் படிவத்தில் தேடினால் கிடைக்காது. அதோடு சேர்த்துக் கொடுத்த காப்பீட்டுப் படிவத்தில், நீரிழிவு உண்டா, இதய நோய் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்ற வரிசையில் ஏதோ ஒன்றுக்கு 'ஆம்' என்று குறித்திருப்பீர்கள். அங்கேதான் இருக்கிறது.

இருபது, இருபத்தைந்து ஆண்டுக் கடன். நடுவில் கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதியை யார் கட்டுவது? அதற்காகத்தான் ஆயுள் காப்பீடு. பிரான்சில் சட்டப்படி இது கட்டாயமில்லை. நடைமுறையில் காப்பீடு இல்லாதவருக்குக் கடன் கிடைப்பது அபூர்வம். வங்கியைக் கேட்டால், "நாங்கள் மறுக்கவில்லையே" என்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டால், "கடன் கொடுப்பது எங்கள் வேலை இல்லையே" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை. வீடுதான் இல்லை.

[திரையில்: 100, 150, 200 என்ற எண்கள்.]

காப்பீட்டு நிறுவனத்துக்குள் உங்கள் விண்ணப்பத்துக்கு ஓர் எண் போடுகிறார்கள். உங்கள் வயதுள்ள சராசரி விண்ணப்பதாரரின் இறப்பு வாய்ப்பை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு 150 வந்தால் பிரீமியம் கூடும். எண் ஏறிக்கொண்டே போனால் "சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுவார்கள், அல்லது ஒரேயடியாக மறுத்துவிடுவார்கள்.

கணக்குப் போடுவதே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்தைக் கணக்கிடாமல் காப்பீட்டுத் தொழில் நடக்காது. என் கேள்வி, அந்த எண் எந்தக் காலத்து எண் என்பதுதான். இறப்புப் புள்ளிவிவரம் திரண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை.

எச்ஐவியைப் பாருங்கள். 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. இன்று காலத்தோடு சிகிச்சை தொடங்கி, மருந்தை விடாமல் எடுத்துக்கொள்பவரின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிட்டது. ஆனால் எச்ஐவி உள்ளவர்களை விலக்கிவைக்கும் ஒப்பந்த விதிகள் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. எச்ஐவியைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கும் ஒப்பந்த விதிகள் செல்லாது என்று ஸ்பெயின் சட்டம் இயற்றியதே 2018இல்தான். இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வழியில் போனது. காப்பீட்டுக் கணிப்பு ஆய்வின் ஆதாரம் இல்லாமல் எச்ஐவி உள்ளவருக்குக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்றது. மறுப்பவர் தம் கணக்கைக் காட்டியாக வேண்டும். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. எல்லா நோய்களுக்கும் இதை ஏன் பொதுவாக்கவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

[திரையில்: நாட்காட்டி. ஒரு தேதியில் வட்டம். பிறகு வட்டம் அழிகிறது.]

'மறக்கப்படும் உரிமை' என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரான்சில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, புற்றுநோய்க்கோ ஹெபடைடிஸ் சி நோய்க்கோ சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் 5 ஆண்டுகள் கடந்துவிட்டால், கடன் காப்பீட்டுக்காக அதைச் சொல்லவே வேண்டியதில்லை. நல்ல சட்டம். ஆனால் குணமானவர்களுக்கான சட்டம். நீரிழிவு உள்ளவருக்குச் சிகிச்சை முடிந்த தேதி என்று ஒன்று வரவே வராது. அவருடைய நோயை யாரும் மறக்க வேண்டாம். இன்றைய நிலையைப் பார்த்தால் போதும். பிரான்சில் இதற்காகவே ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். எந்த நோய், எந்த நிலையில், எந்தக் கட்டுப்பாட்டில் இருந்தால் எவ்வளவுக்கு மேல் கூடுதலாக வசூலிக்கக் கூடாது என்று அதில் இருக்கும். மருத்துவம் முன்னேற முன்னேற அதையும் திருத்துகிறார்கள்.

அதே 2022 சட்டம் இன்னொன்றும் செய்தது. ஒருவரின் பங்குக்கு 2,00,000 யூரோவுக்கு மிகாத வீட்டுக் கடனை, அவர் 60 வயதை எட்டுவதற்குள் அடைத்து முடிப்பதாக இருந்தால், மருத்துவக் கேள்வித்தாளே கிடையாது. கேள்வி கேட்காவிட்டால் நோயாளிகளாகவே வந்து குவிவார்கள் என்பது நிறுவனங்களின் வழக்கமான அச்சம். தனியாக ஆயுள் பாலிசி வாங்குகிறவரிடம் அந்த அச்சத்துக்கு இடமுண்டு. வீட்டுக் கடன்காரர் விஷயம் வேறு. அவர் வாங்க வந்தது வீடு. காப்பீட்டுத் தொகையைக்கூடக் கடன்தான் தீர்மானிக்கிறது, அவரல்ல.

[திரையில்: மறுப்புக் கடிதம். பேனா.]

சட்டம் இவ்வளவு தூரம் வராத இடத்தில் என்ன செய்வது? நோயை மறைக்க மட்டும் வேண்டாம். இறப்புக்குப் பிறகு பழைய மருத்துவக் குறிப்பு வெளிப்பட்டால் காப்பீட்டுத் தொகையை மறுக்கலாம். கடன் குடும்பத்தின் தலையில் விழும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நோயின் பெயரை மட்டும் வைத்து மறுத்தார்களா, உங்கள் அறிக்கைகளைப் பார்த்து மறுத்தார்களா என்பது அதில் தெரியும். பெயரை மட்டும் பார்த்திருந்தால், சில ஆண்டுகளின் பரிசோதனை முடிவுகளையும் நோய் கட்டுக்குள் இருப்பதைச் சொல்லும் மருத்துவர் கடிதத்தையும் இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் 200 இன்னொன்றில் 150 ஆக இருக்கலாம். வங்கியிடம் வேறு பிணையம் ஏற்பார்களா என்று கேளுங்கள்: ஏற்கெனவே இருக்கும் பாலிசி, வேறு சொத்து, ஜாமீன்தாரர்.

கூடுதல் பிரீமியத்தில் பாலிசி கிடைத்தவர்களுக்கும் ஒன்று. உடல்நிலை மேம்பட்டால் மீண்டும் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனமே கூப்பிட்டுக் குறைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.