ஹெல்பருக்கு ஹெடர் வரலையா? முதல்ல அந்த ஒரு வரியைப் பாருங்க

[திரை: டெர்மினல். ஹெல்பரைக் கையால ஓட்டுறோம், பதில் உடனே வருது.]

ப்ரௌசருக்கும் தளத்துக்கும் நடுவுல நிக்கிற ஸ்க்விட் ப்ராக்ஸிக்கு ஒரு எக்ஸ்டெர்னல் ஏசிஎல் ஹெல்பர் எழுதியிருக்கீங்க, அதாவது ஒரு ரெக்வஸ்ட்டை விடலாமான்னு ஸ்க்விட் கேட்டுக்கிற வெளி ப்ரோக்ராம். ரெக்வஸ்ட்டோட வர்ற தகவல் வரிதான் ஹெடர். எந்த ப்ரௌசர்னு சொல்ற யூசர் ஏஜென்ட், அதோட நீங்களே சேர்த்த ஒரு ஹெடர், ரெண்டையும் பார்த்து ஹெல்பர் முடிவு சொல்லணும். இங்க கையால ஓட்டினா அருமையா பதில் சொல்லுது. ஸ்க்விட்டோட சேர்த்ததும் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு.

உடனே கான்ஃபிக்ல கை வைக்காதீங்க. ஹெல்பருக்குள்ள வர்ற ஒவ்வொரு வரியையும், பிரிக்காம, அப்படியே ஒரு ஃபைல்ல எழுத வைங்க. ஸ்க்விட் எந்த யூசர் பேர்ல ஓடுதோ அந்த யூசரால அந்த ஃபைல்ல எழுத முடியணும், அதை மறந்துடாதீங்க.

[திரை: ஃபைல்ல விழுந்த முதல் வரி, பெருசா.]

பாருங்க, வரி 0ன்னு ஆரம்பிக்குது. இது ஹெடர் இல்ல, சேனல் எண். கான்கரன்சி, அதாவது ஒரே ஹெல்பர்கிட்ட ஒரே நேரத்துல பல கேள்வி கேக்குற வசதி, போட்டிருந்தா இது வரும். பதில்லயும் இதே எண்ணை முன்னாடி வச்சுத்தான் ஓகே (OK) இல்லன்னா எர் (ERR)னு சொல்லணும். எண்ணை விட்டுட்டா, எந்தக் கேள்விக்கான பதில்னு ஸ்க்விட்டுக்குத் தெரியாது.

அடுத்தது யூசர் ஏஜென்ட். இடைவெளி இருந்த இடத்துல எல்லாம் %20 இருக்கு. முதல்ல இடைவெளியில வரியைப் பிரிங்க, அப்புறம் ஒவ்வொரு துண்டையும் டீகோட் பண்ணுங்க. வரிசையை மாத்தினா யூசர் ஏஜென்ட் பல துண்டா சிதறி, அடுத்த ஹெடரோட இடத்தைப் பிடிச்சுக்கும்.

கேள்வி சரியா வருது, பதில் ஏன் போகல? டெர்மினல்ல ஓடும்போது ஒவ்வொரு வரியும் உடனே வெளிய வரும். பைப்புக்குள்ள எழுதும்போது பைத்தான் மாதிரி மொழிகள் அதை பஃபர்ல சேர்த்து வச்சுக்கும். ஹெல்பர் பதில் சொல்லிட்டதா நினைக்குது, ஸ்க்விட் காத்துக்கிட்டிருக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் ஃப்ளஷ் பண்ணுங்க, அதாவது பஃபர்ல இருக்கிறதை உடனே வெளிய தள்ளுங்க. டீபக் செய்தி எதையும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல போடாதீங்க, அதையும் பதில்னு எடுத்துக்கும். ஸ்டாண்டர்ட் எரர்ல போட்டா ஸ்க்விட்டோட லாக் ஃபைலான கேஷ் லாக்ல வந்துடும்.

[திரை: வரியோட கடைசியில ஒரு சின்னக் கோடு.]

நீங்க சேர்த்த ஹெடர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடு. அந்த ஹெடர் ஸ்க்விட் கையில இல்லைன்னு அர்த்தம். கான்ஃபிக்ல எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்க. டீபக் ஆப்ஷன்ல 11,2 போட்டா வந்த ஹெடர் எல்லாம் கேஷ் லாக்ல தெரியும்.

ஹெச்டிடிபிஎஸ் தளத்துக்கு மட்டும் கோடு வந்தா, பிழை உங்களோடது இல்ல. அப்போ ப்ரௌசர் ப்ராக்ஸிகிட்ட கேக்குறது கனெக்ட் மட்டும்தான், அதாவது அந்தத் தளத்துக்கு ஒரு வழி திறந்து விடுன்னு. அதுக்குன்னு தனியா சில ஹெடர் உண்டு, யூசர் ஏஜென்ட் அதுல வரலாம். குக்கி, நீங்க சேர்த்த ஹெடர் எல்லாம் டிஎல்எஸ்ங்கிற மறையாக்கச் சுரங்கத்துக்குள்ள போயிடும். அந்த மறையாக்கத்தை நடுவுல பிரிக்கிற எஸ்எஸ்எல் பம்ப் வசதியைப் போட்டு திறக்காம ஸ்க்விட்டாலயே அதைப் படிக்க முடியாது.

இன்னொண்ணு. ஹெல்பர் சொன்ன பதிலை ஸ்க்விட், நீங்க எதுவும் மாத்தலைன்னா, 3600 வினாடி ஞாபகம் வச்சிருக்கும், இந்த நேரத்துக்குப் பேர்தான் டிடிஎல். அதே ஹெடரோட திரும்ப சோதிச்சா, ஹெல்பர்கிட்ட கேக்காமலே பழைய பதிலைக் குடுத்துடும். சோதனை முடியிற வரைக்கும் டிடிஎல்லை 0 ஆக்கி வைங்க. முடிஞ்சதும் எடுத்துடுங்க, இல்லாட்டி ஒவ்வொரு ரெக்வஸ்ட்டும் ஹெல்பர் வாசல்ல வந்து நிக்கும்.