48 புள்ளியிலிருந்து ஸ்டான்லி கப் வரை: ஒரு இளம் ஹாக்கி அணியைக் கட்டிய கதை

[திரை: புரூக்ளின், 2017 நவம்பர் 5. கொலராடோ அவலாஞ்ச் – நியூயார்க் ஐலண்டர்ஸ் ஆட்டம்]

முதல் பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) இன்னும் முடியவில்லை. அவலாஞ்ச் அணியின் மேட் டுஷேன் ஆட்டத்தை விட்டுவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போகிறார். அடிபட்டுப் போகவில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரை ஒட்டாவா அணிக்கு டிரேடு செய்துவிட்டார்கள். களத்தில் இறங்கும்போது கொலராடோக்காரர், பீரியட் முடிவதற்குள் ஒட்டாவாக்காரர்.

மூன்று அணிகள் சேர்ந்து செய்த டிரேடு அது. ஆறு வீரர்களும் மூன்று டிராஃப்ட் பிக்குகளும் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள்) கைமாறின. அடுத்த நாலரை வருடத்தில் அவலாஞ்ச் ஸ்டான்லி கப்பை வென்றது. இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

ஹாக்கி என்றால் நமக்குப் பந்தும் தரையும்தான் நினைவுக்கு வரும். இது ஐஸ் ஹாக்கி. காலில் ஸ்கேட், பந்துக்குப் பதிலாக பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. இதன் உச்ச லீக் என்ஹெச்எல். அதன் கோப்பைதான் ஸ்டான்லி கப். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து மொத்தம் 32 அணிகள்.

[திரை: ஒரு அணிக்குள் வர மூன்று வாசல்கள்]

ஐபிஎல்லில் ஒரு அணி மோசமாக ஆடினால், அடுத்த மெகா ஏலத்தில் பாதி அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். என்ஹெச்எல்லில் ஏலமே கிடையாது. ஆள் வர மூன்று வழிதான். ஒன்று டிராஃப்ட்: 18 வயதுப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். ஏழு ரவுண்டு நடக்கும். மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை. இரண்டாவது டிரேடு: ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு பிக். இனி வரப்போகும் டிராஃப்டில் நம் இடத்தையே விற்கலாம், வாங்கலாம். மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்து சும்மா இருப்பவர்களை எடுப்பது.

இதற்கெல்லாம் மேலே சம்பள உச்சவரம்பு உட்கார்ந்திருக்கிறது. 2005-06 சீசனிலிருந்து ஒவ்வோர் அணியும் வீரர்களுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு கோடு போட்டுவிட்டார்கள். 2021-22 சீசனில் அந்தக் கோடு 8.15 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது. டிராஃப்டில் வந்த பையன்களுக்கு முதல் மூன்று வருடம் சம்பளம் மிகக் குறைவு. அதனால்தான் எல்லா அணிகளும் இளம் ரத்தம் என்று அலைகின்றன. பாசமெல்லாம் இல்லை, கணக்கு.

சரி, அவலாஞ்சுக்கு வருவோம்.

2016 ஆகஸ்டில் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பேட்ரிக் ருவா திடீரென்று ராஜினாமா செய்தார். சீசன் தொடங்க இரண்டே மாதம்தான் இருந்தது. ஜெனரல் மேனேஜர் ஜோ சாக்கிக், ஜாரெட் பெட்னார் என்பவரைக் கொண்டுவந்தார். பெட்னார் என்ஹெச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். கீழ்மட்ட லீக்குகளில் கோப்பை வென்ற பயிற்சியாளர், அவ்வளவுதான்.

[திரை: 82 ஆட்டங்கள். 22 வெற்றி. 48 புள்ளி]

அந்த சீசன் ஒரு பேரழிவு. 82 ஆட்டத்தில் 22 வெற்றி, 48 புள்ளி (ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி, ஓவர்டைமில் தோற்றால் ஒன்று). உச்சவரம்பு வந்த பிறகு அதுவரை எந்த அணியும் இவ்வளவு கீழே போனதில்லை. இத்தனைக்கும் அணியில் ஆட்கள் இல்லாமல் இல்லை. 2011 டிராஃப்டில் இரண்டாவதாக வந்த கேப்ரியல் லாண்டஸ்காக் இருக்கிறார். 2013-இல் முதலாவதாக வந்த நேத்தன் மெக்கின்னன் இருக்கிறார். 2015-இல் பத்தாவதாக வந்த மிக்கோ ரன்டனன் இருக்கிறார். மூன்று பேருமே 25 வயதைத் தொடாதவர்கள். இன்னொரு அணியாக இருந்தால் பயிற்சியாளரை அனுப்பியிருப்பார்கள், இந்த மூவரில் ஒருவரையாவது விற்றிருப்பார்கள். சாக்கிக் இரண்டையும் செய்யவில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு இதுதான். செய்த டிரேடுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், செய்யாமல் விட்டதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல், டுஷேன். 2009 டிராஃப்டில் மூன்றாவதாக வந்தவர், தோற்றுத் தோற்றுச் சலித்துப்போய் வேறு அணிக்குப் போக விரும்பினார். லீக் முழுக்க இது தெரியும். விற்பவனுக்கு அவசரம் என்று தெரிந்தால் வாங்குபவன் என்ன செய்வான்? அடிமாட்டு விலைக்குக் கேட்பான். கேட்டார்கள். சாக்கிக் கொடுக்கவில்லை. கோடை முழுக்க, விலை அதிகமாகச் சொல்கிறார், கடைசியில் ஒன்றும் கிடைக்காது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். டுஷேன் புது சீசனுக்கும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

இதற்கிடையில் 2017 ஏப்ரலில் டிராஃப்ட் லாட்டரி நடந்தது. கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் பிக் என்று வைத்தால் எல்லோரும் வேண்டுமென்றே தோற்பார்கள் என்பதால் லீக் ஒரு குலுக்கல் வைத்திருக்கிறது. அவ்வளவு மோசமாகத் தோற்றும் அவலாஞ்சுக்கு முதல் பிக் கிடைக்க 18 சதவீத வாய்ப்புதான். குலுக்கினார்கள். நியூ ஜெர்சி, பிலடெல்பியா, டல்லஸ் மூன்றும் முன்னால் போய்விட்டன. அவலாஞ்சுக்கு நாலாவது இடம், விதிப்படி அவர்கள் போகக்கூடிய ஆகக் கீழ் இடம்.

அணியின் ஊரான டென்வரில் ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த நாலாவது பிக்கில் வந்தவர் கேல் மக்கார்.

[திரை: கேல் மக்கார், டிஃபென்ஸ்]

கால்கரியைச் சேர்ந்த பையன். ஆடியது ஆல்பர்ட்டா ஜூனியர் லீக்கில். அது கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளுக்கு ஒரு படி கீழே. அவருக்கு முன்னால் வந்த மூன்று பேரில், டல்லஸ் எடுத்த மீரோ ஹைஸ்கனனை மட்டும்தான் அவரோடு ஒரே மூச்சில் சொல்லலாம். ஆக, தோற்றதால் அதிர்ஷ்டம் வரவில்லை, அதிர்ஷ்டம் வராததால் மக்கார் வந்தார். "இந்த வருடம் தோற்றுவிட்டால் நல்லது" என்று சொல்லும் ரசிகர்களிடம் இந்த உதாரணத்தைக் காட்டலாம். கேட்க மாட்டார்கள், ஆனாலும் காட்டலாம்.

மக்காரை வளர்த்த விதத்தில்தான் அணியின் குணம் தெரிகிறது. டிராஃப்டான உடனே அவரை இழுத்துவந்து ஆடவைக்கவில்லை. அவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். ஒரு வருடம் முடிந்தது. இரண்டாவது வருடமும் அங்கேயே இருக்கிறேன் என்றார். இருந்தார். அந்த வருடம் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை வாங்கினார். 2019 ஏப்ரல் 13 அன்று கல்லூரி இறுதிப்போட்டியில் அவருடைய அணி தோற்றது. மறுநாள் அவலாஞ்சோடு ஒப்பந்தம். அதற்கு மறுநாள், ஏப்ரல் 15, என்ஹெச்எல் பிளேஆஃபில் முதல் ஆட்டம். எதிரணி, அவருடைய சொந்த ஊரான கால்கரி. முதல் பீரியடிலேயே கோல் போட்டார்.

ரன்டனனுக்கும் இதே பாதைதான், இடம் மட்டும் வேறு. 2015-16-இல் ஒன்பது ஆட்டம் மேலே ஆடவைத்துப் பார்த்துவிட்டு, சான் அன்டோனியோவில் இருந்த துணை அணிக்கு அனுப்பினார்கள். அங்கே 52 ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்தார் (வீரருக்குப் புள்ளி என்றால் போட்ட கோலும், கோலுக்குச் செய்த உதவியும்). ஃபின்லாந்திலிருந்து வந்த 19 வயதுப் பையனுக்கு அமெரிக்காவின் சிறிய ரிங்கும் அடிதடியும் பழக ஒரு வருடம் தேவைப்பட்டது. கொடுத்தார்கள்.

[திரை: டுஷேன் டிரேடு, மூன்று அணிகள்]

இப்போது அந்த நவம்பர் இரவு. ஒட்டாவா செனட்டர்ஸ் சில மாதங்களுக்கு முன்புதான் கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்றில் ஏழாவது ஆட்டம், இரண்டாவது ஓவர்டைம் வரை போய்த் தோற்றிருந்தது. இன்னும் ஒரே ஒரு நல்ல சென்டர் (நடுவில் நின்று தாக்கி ஆடுபவர்) வந்தால் கப் நமக்குத்தான் என்று நம்பினார்கள். டுஷேனுக்காக அவர்கள் கொடுத்ததில் முக்கியமானது முதல் ரவுண்டு பிக். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: 2018 பிக் முதல் பத்துக்குள் வந்தால் ஒட்டாவா அதை வைத்துக்கொண்டு 2019 பிக்கைக் கொடுக்கலாம். நடுவில் புகுந்த நாஷ்வில், ஒட்டாவாவிலிருந்து கைல் டூரிஸை வாங்கிக்கொண்டு, 19 வயது சாமுவேல் ஜிரார் என்ற டிஃபென்ஸ் பையனையும் ஒரு இரண்டாவது ரவுண்டு பிக்கையும் இன்னொரு இளம் வீரரையும் கொலராடோவுக்கு அனுப்பியது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஒட்டாவா சரிந்தது. 2018-இல் அவர்கள் பிக் நாலாவது இடத்தில் வந்தது. நிபந்தனைப்படி அதை வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தார்கள். அது தப்பில்லை, அவர் பின்னாளில் அவர்கள் கேப்டனே ஆனார். ஆனால் அடுத்த வருடம் ஒட்டாவா லீக்கிலேயே கடைசி. டுஷேனும் 2019 பிப்ரவரியில் கொலம்பஸுக்குப் போய்விட்டார். கடைசி இடத்து அணியின் பிக், உரிமையாளர் கொலராடோ! இந்த முறையும் குலுக்கல் கைவிட்டது, மறுபடியும் நாலாவது இடம். அதில் போவன் பைரம் வந்தார். 2022 பிளேஆஃபில் 20 ஆட்டத்திலும் ஆடிய டிஃபென்ஸ்.

டுஷேன் போன அதே சீசனில் அவலாஞ்ச் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றது. மெக்கின்னன் முந்தைய சீசனில் 53 புள்ளி எடுத்தவர், அந்த சீசனில் 97. இன்னொன்று: 48 புள்ளி சீசன் தொடங்குமுன், 2016 கோடையிலேயே, அவர் ஆண்டுக்கு 63 லட்சம் டாலர் என்று ஏழு வருட ஒப்பந்தம் போட்டிருந்தார். லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், சுமாரான சம்பளத்தில், 2023 வரை. மிச்சமான பணத்தில்தான் மற்ற எல்லாமே வாங்கினார்கள்.

[திரை: யார் எங்கிருந்து வந்தார்கள்]

இனி வேகமாகப் போகலாம். வலேரி நிச்சுஷ்கினை டல்லஸ் அணி பணம் கொடுத்து வெளியே அனுப்பியது. 57 ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லாதவரை யார் வைத்திருப்பார்கள்? 2019-இல் அவலாஞ்ச் எடுத்துக்கொண்டது. 2021-22-இல் 25 கோல். அதே 2019 கோடையில் டொராண்டோவிலிருந்து நாசெம் கத்ரி வந்தார். இரண்டு பிளேஆஃப் தொடர்ச்சியாக சஸ்பெண்ட் ஆனதில் டொராண்டோ வெறுத்துப்போயிருந்தது. ஸ்கார்பரோவில் டொராண்டோ அணியான லீஃப்ஸின் கொடி கட்டியிருக்கும் நம் சொந்தக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், சாப்பாடு ஆறிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது டெவன் டேவ்ஸ் என்ற டிஃபென்ஸ் வீரரின் டிரேடு. 2020-இல் கொரோனாவால் லீக்கின் வருமானம் சரிந்து, உச்சவரம்பு உயராமல் நின்றுவிட்டது. உயரும் என்று நம்பிச் சம்பளம் எழுதிக்கொடுத்த அணிகள் மாட்டிக்கொண்டன. ஐலண்டர்ஸ் அதில் ஒன்று. டேவ்ஸுக்குச் சம்பளம் கொடுக்க அவர்களிடம் இடமில்லை. இரண்டே இரண்டு இரண்டாவது ரவுண்டு பிக், கொண்டுபோய்விட்டார்கள். மக்காரின் ஜோடியாக அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மலிவு என்று தெரியும். ஆண்டுக்கு 41 லட்சம் டாலர்தான் சம்பளம். உச்சவரம்புக்குள் இடம் வைத்திருந்தவன், இடமில்லாதவனிடம் வாங்கினான். இது திறமையா, சந்தர்ப்பமா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தது திறமை.

இவ்வளவு இருந்தும் 2019, 2020, 2021 மூன்று வருடமும் இரண்டாவது சுற்றிலேயே தோற்றார்கள். 2021-இல் வழக்கமான சீசனில் முதலிடம் பிடித்த அணி, வேகஸிடம் ஆறு ஆட்டத்தில் போனது. பெட்னாரை மாற்று என்ற கூச்சல் மறுபடி கிளம்பியது. மாற்றவில்லை.

மாற்றியது கொள்கையை. இதுவரை பிக்குகளைச் சேர்த்த அணி இப்போது செலவழிக்க ஆரம்பித்தது. கோல்கீப்பர் குருபவர் சியாட்டிலுக்குப் போனதும், ஒரு முதல் ரவுண்டு பிக்கையும் கானர் டிம்மின்ஸ் என்ற இளம் டிஃபென்ஸ் வீரரையும் கொடுத்து டார்சி கெம்பரை வாங்கினார்கள். 2022 மார்ச்சில் ஜஸ்டின் பாரன் என்ற தங்கள் பழைய முதல் ரவுண்டுப் பையனையும் ஒரு இரண்டாவது ரவுண்டு பிக்கையும் மான்ட்ரியலுக்குக் கொடுத்து ஆர்ட்டுரி லெஹ்கொனெனைக் கொண்டுவந்தார்கள். இளைஞர்களைச் சேர்ப்பது ஒரு கட்டம், அவர்களில் சிலரை விற்பது அடுத்த கட்டம். பல அணிகள் முதல் கட்டத்திலேயே பத்து வருடம் குடித்தனம் நடத்துகின்றன.

2022 ஜூன் 26, டாம்பா. ஸ்டான்லி கப் இறுதித் தொடர். எதிரணி முந்தைய இரண்டு வருடமும் கப் வென்ற அணி. மெக்கின்னன் சமன் செய்தார். 2-1 என்று ஆக்கிக் கப்பை வென்றுகொடுத்த கோல் லெஹ்கொனெனுடையது. பிளேஆஃபின் சிறந்த வீரர் மக்கார், 20 ஆட்டத்தில் 29 புள்ளி, வயது 23.

[திரை: வெற்றிக்குப் பிறகு]

கப் வென்றதும் எல்லோருக்கும் விலை ஏறிவிடும். கத்ரி, கெம்பர், புராகோவ்ஸ்கி மூவரும் அதே கோடையில் வேறு அணிகளுக்குப் போனார்கள். மெக்கின்னனின் புது ஒப்பந்தம் ஆண்டுக்கு 1.26 கோடி டாலர், பழையதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. மலிவாகக் கிடைத்த காலம் முடிந்துவிட்டது.

அதன் விலை 2025 ஜனவரியில் தெரிந்தது. ரன்டனனின் ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிய இருந்தது. புது ஒப்பந்தம் படியவில்லை. சும்மா விட்டுவிடுவதைவிட விற்பது மேல் என்று கரோலினாவுக்கு அனுப்பி, மார்ட்டின் நெக்காஸை வாங்கினார்கள். கணக்குப்படி சரி. ஆனால் ரன்டனன் கரோலினாவிலும் நிற்கவில்லை. மார்ச்சில் டல்லஸுக்குப் போனார். பிளேஆஃப் முதல் சுற்றில் டல்லஸுக்கு எதிரி யார் தெரியுமா? அவலாஞ்ச். ஏழாவது ஆட்டம், மூன்றாவது பீரியட், டல்லஸ் 0-2 என்று பின்னால். அந்த ஒரே பீரியடில் ரன்டனன் மூன்று கோல் போட்டார். டல்லஸ் 4-2.

நெக்காஸ் நல்ல ஆட்டக்காரர், ரன்டனனைவிட இளையவர், வேகமும் அதிகம். இதை டென்வரில் யாரிடமாவது சொல்வதாக இருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று சொல்லுங்கள்.