ஏணியிலிருந்து விழுந்தவர் எந்தக் கணக்கில் இருக்கிறார்?

[காட்சி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து வைத்த மூங்கில் ஏணி.]

காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம், அதில் படர்ந்த மிளகுக் கொடி. ஏணியில் நின்று மிளகு பறிக்கும் ஒருவர் தவறி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலையில் பலத்த அடி. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஆம்புலன்ஸ் சேலத்துக்கு வருகிறது. ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோகிறார்.

[காட்சி: மருத்துவமனைப் பதிவேட்டில் பேனா ஓடுகிறது.]

அவசரப் பிரிவில் நுழைந்ததுமே ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவு, போட்டுவிடுவார்கள். ‘ஏணியிலிருந்து தவறி விழுந்ததாகச் சொல்கிறார்கள்’ என்று அதில் ஒரு வரி. அப்புறம் வார்டு மாறும், டியூட்டி டாக்டர் மாறுவார். கடைசியில் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4-இல் எழுதும்போது, ‘தலைக்காயம், மூளையில் ரத்தக்கசிவு’ என்று மட்டும் போகிறது. பொய்யில்லை. ஆனால் அதே படிவத்தில், காயம் எப்படி ஏற்பட்டது என்ற கேள்விக்கு எதிரே வெறும் தாள்.

சரி, இதனால் என்ன? ஐ.சி.டி-10 என்ற உலகக் குறியீட்டு முறையில் காயத்துக்கு ஒரு எண், அது நேர்ந்த விதத்துக்கு இன்னொரு எண். ஏணியிலிருந்து விழுந்ததற்கென்றே டபிள்யூ11 இருக்கிறது. விபத்து என்பதற்கு மேல் விவரம் இல்லாவிட்டால் எக்ஸ்59, அதாவது ‘எதனால் என்று குறிப்பிடப்படாத விபத்து’. நம் ஆள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

[காட்சி: இரண்டு பட்டை வரைபடங்கள்.]

ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் ஆண்டுக்கு 100 விபத்துச் சாவுகள். விழுந்து இறந்தவர்கள் 10, விவரம் இல்லாதவர்கள் 40. ஐந்து வருடம் கழித்துப் பதிவு சீராகிறது. அதே 100-இல் இப்போது விழுந்தவர்கள் 30, விவரம் இல்லாதவர்கள் 20. விழுந்து சாவது மூன்று மடங்கானதாக வரைபடம் காட்டும். நிஜத்தில் ஒருவர்கூடக் கூடுதலாக விழவில்லை. பதிவு மோசமானால் இதே கதை தலைகீழாக நடக்கும்; ‘விபத்து குறைந்துவிட்டது’ என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். எனக்கு அதுதான் பெரிய பயம். அதனால், எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் ‘குறிப்பிடப்படாதவை’ கூடியதா குறைந்ததா என்று பாருங்கள்.

இடத்திலும் சிக்கல் உண்டு. இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. மலையில் விழுந்தவர் சேலத்தில் பதிவாகிறார். வசிப்பிடத்தைப் பார்க்காமல் பதிவான ஊரை மட்டும் வைத்து எண்ணினால், மலை பாதுகாப்பான இடமாகத் தெரியும். சாலை விபத்துக் கணக்கிலோ 30 நாளுக்குள் இறந்தவர்கள்தான் சேர்வார்கள். மருத்துவக் குறியீட்டில் அந்த வரம்பு கிடையாது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

[காட்சி: மறுபடியும் அந்தப் பதிவேடு. அந்த ஒரு வரி.]

விழுந்த விதம் முதல் நாளே தாளில் ஏறிவிட்டது, அதுவும் அதே கட்டடத்தில். அந்த வரியைப் பார்த்துப் படிவம் 4-இல் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுதியிருந்தால், அந்த ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தாரா என்று கேட்கவாவது யாருக்காவது தோன்றியிருக்கும்.