வீட்டையும் வேலையையும் எப்படி மேடம் சமாளிக்கறீங்க?

வணக்கமுங்க. ஜில்லா ரிப்போர்ட்டர்களுக்கும் ஜர்னலிசம் படிக்கற பசங்க புள்ளைங்களுக்கும் இங்க கோயமுத்தூர்ல வகுப்பு எடுத்துட்டிருக்கறனுங்க. ஒரு பெண் விஞ்ஞானியப் பேட்டி எடுக்கப் போறீங்க, மொதக் கேள்வி எழுதுங்கன்னு சொன்னா, முக்காவாசிப் பேரு எழுதறது வீட்டையும் வேலையையும் எப்படி மேடம் சமாளிக்கறீங்கங்கறதத்தான். கெட்ட எண்ணமில்லீங்க, மரியாதையாத்தான் கேக்கறாங்க, ஆனா பத்து நிமிஷப் பேட்டியில பாதி அதுலயே போயிருது, அவங்க என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு கேக்க நேரமே இருக்கறதில்லை.

இது நம்மூர்ல மட்டும் இல்லீங்க. 2013 மார்ச்ல இவான் பிரில்னு ஒரு ராக்கெட் விஞ்ஞானி எறந்தாங்க, சாட்டிலைட்டை அதோட எடத்துலயே நிறுத்தி வெக்கற எஞ்சினை உருவாக்குனவங்க. நியூயார்க் டைம்ஸ் அவங்க இரங்கல் செய்திய எப்படி ஆரம்பிச்சுது தெரியுங்களா, நல்லா மாட்டுக்கறி சமைப்பாங்கன்னு! வாசகருங்க சண்டை போட்டதுக்கப்புறம் மாத்துனாங்க. அதே மாசந்தான் கிறிஸ்டி ஆஷ்வாண்டன்ங்கற பத்திரிகையாளர், ஆன் ஃபிங்க்பைனர்ங்கற அறிவியல் எழுத்தாளர் பேர்ல ஒரு டெஸ்ட் போட்டாங்க. புருசன் என்ன வேலை, கொழந்தைய யாரு பாத்துக்கறா, 'முதல் பெண்'ங்கற பட்டம், இதெல்லாம் இல்லாம ஒரு பெண் விஞ்ஞானியப் பத்தின கட்டுரைய எழுதிக் காட்டு, அவ்வளவுதான். நான் வகுப்புல இன்னொன்னும் செய்யச் சொல்றதுங்க, பேரை மட்டும் ஆம்பளப் பேரா மாத்திப் படிச்சுப் பாருங்க, எந்த வரி கூச்சமா இருக்குதோ அதை எடுத்துருங்க.

நம்ம ஊருக்கே வருவோமுங்க. தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் 1930கள்ல இங்க கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல இருந்தாங்க. கரும்பை மக்காச்சோளத்தோட, மூங்கிலோட எல்லாங்கூட கலப்பு பண்ணிப் பாத்தவங்க, 1945ல டார்லிங்டன்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானியோட சேந்து பயிர்களோட குரோமோசோம் எண்ணிக்கைய எல்லாம் தொகுத்து ஒரு பெரிய புத்தகமே போட்டாங்க. ஆனா அவங்களப் பத்தி வர்ற கட்டுரை பலதுல மொதல்ல வர்றது கல்யாணம் பண்ணிக்காததும் கட்டியிருந்த சேலையுந்தானுங்க. குரோமோசோம் கடைசி பாராவுல இருந்தா பெரிய விஷயம்.

அதுக்காக எதையும் மறைக்கச் சொல்லலீங்க. தனியா இருக்கற பொம்பளைங்கறதுக்காகவும் சாதிக்காகவும் அவங்க கஷ்டப்பட்டாங்கன்னு பதிவாகியிருக்குது, அதை எழுதியே ஆகணும், ஏன்னா அது அவங்க வேலையத் தொட்ட சங்கதி. யாரு தடுத்தா, எந்த வேலை நின்னுச்சுன்னு விசாரிச்சு எழுதுனா அது செய்தி. 'தடைகளைத் தாண்டிச் சாதித்த சிங்கப்பெண்'ன்னு போட்டுட்டு தடை என்னன்னே சொல்லாம விட்டா படிக்கறவங்களுக்கு ஒன்னுமே தெரியாதுங்க.

இதைவிட எனக்கு முக்கியமாப் படறது வேறொன்னுங்க. மார்ச் 8 வந்தா எல்லா ஆபீஸ்லயும் பெண் விஞ்ஞானி நம்பரத் தேடறாங்க. 2016ல பொள்ளாச்சி தென்னந்தோப்புல சுருள் வெள்ளை ஈ வந்ததுல இருந்து எத்தனை செய்தி எழுதியிருக்கறோம், அப்ப எல்லாம் பூச்சியியல் துறையில இருக்கற அம்மிணிகளுக்கு எத்தனை பேரு போன் போட்டிருப்போம்? வழக்கமா பேசற ரெண்டு சாருங்க பேருதான் வருது, அவுங்க மேல குத்தமில்லை, நம்ம டைரியில வேற நம்பர் இல்லை.

அதனால பத்திரிகைத் தம்பி தங்கச்சிங்க கிட்ட நான் கேக்கறது இதுதானுங்க. வேளாண் பல்கலைக்கழகத்துல, கரும்பு நிலையத்துல, கல்லூரி லேபுல யாரு எதுல ஆளுன்னு இந்த வாரமே விசாரிச்சு நம்பர் வாங்கி வையுங்க. அடுத்த தடவை தோப்புல வெள்ளை ஈயால எல கருத்துக் கெடக்கறப்ப அந்த மேடத்தக் கூப்பிட்டு, மருந்தடிக்கறதா வேண்டாமா, அந்த ஈயை அழிக்கற என்கார்சியா ஒட்டுண்ணி எங்க கெடைக்கும், மஞ்சள் ஒட்டும்பொறி எத்தனை அடி ஒசரத்துல கட்டணும்னு கேளுங்க. தோப்புக்காரங்க காத்திருக்கறது அந்தப் பதிலுக்குத்தானுங்க.